மூன்று வயதுப் பிள்ளைக்காகப் பள்ளியைத் தயார் செய்தல்: பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழ்ப் பகுதிகளை முன்வைத்து

முன்தொடக்கக் கல்வி என்பது மூன்று வயது நிறைந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும் வரை பெறுகிற கல்வியைக் குறிக்கும் சொல்லாகும். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் இடுக்கியின் மலைத்தோட்டங்களிலும் இச்சொல்லை எவரும் பேச்சில் ஆள்வதில்லை, எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்றோ பிரீ பிரைமரி என்றோ அங்கன்வாடி என்றோ சொல்வார்கள், வயதில் மூத்தவர்களோ இன்றும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு துறையின் கையிலிருந்து ஊருக்குள் வந்தது என்பதால், பெயர்களின் இந்த நெரிசலே இக்கல்வியின் வரலாற்றை ஓரளவு சொல்லிவிடுகிறது. கல்வியியலார் இத்துறையில் அடிக்கடி ஆளும் மற்றொரு சொல் பள்ளி ஆயத்தம் என்பது. அம்மாவை விட்டு நான்கு மணி நேரம் இருக்க முடிகிறதா, தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரிகிறதா, வரிசையில் நிற்க வருகிறதா என்று பிள்ளையை அளப்பதற்கே அச்சொல் பெரும்பாலும் பயன்படுகிறது. அதே அளவுகோலைத் திருப்பிப் பள்ளியின் மேல் வைத்துப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம். எல்லையோரத்தில் அப்படி வைத்துப் பார்க்கும்போது, சுவரின் வண்ணத்துக்கும் விளையாட்டுப் பொருள்களுக்கும் முன்பாக, வகுப்பறைக்குள் நிற்கும் பெரியவருக்குப் பிள்ளையின் மொழி தெரியுமா என்ற கேள்வியே முதலில் எழுகிறது.

இங்கு எல்லையோரம் என்று சொல்லப்படுவது ஒரே மாதிரியான நிலம் அன்று. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானபோது முன்பு மூன்று வெவ்வேறு ஆட்சிகளின் கீழிருந்த தமிழர்கள் அதற்குள் வந்து சேர்ந்தனர்: பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்தும், சித்தூர் பழைய கொச்சி அரசின் பகுதியிலிருந்தும், தேவிகுளமும் பீர்மேடும் பழைய திருவிதாங்கூரிலிருந்தும் வந்தன. பாலக்காடு மாவட்டம் 1957-இலும் இடுக்கி மாவட்டம் 1972-இலும் அமைக்கப்பட்டன. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை என்று நீளும் சித்தூர் வட்டத்துக் கிழக்குச் சமவெளியில் கொங்குப் பேச்சின் சாயல் கேட்கும். அங்கே 'என்னுடைய' என்பது 'என்ற' ஆகிவிடும். மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டு ஊர்கள் தேயிலை வருவதற்கு முன்பிருந்தே அங்கு வாழும் உழவர்களுடையவை. மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியார் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், வாழ்கிறவர்களின் முன்னோர் பெரும்பாலும் தென்தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். இவற்றோடு அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர், பரம்பிக்குளத்துக் காடர், மலசர், மூணாற்றுக்கு அப்பாலுள்ள இடமலைக்குடியின் முதுவர் ஆகியோரின் மொழிகளையும் சேர்த்துக்கொண்டால், 'தமிழ்ப் பிள்ளை' என்று அரசு ஆவணம் எழுதும் ஒரே சொல்லுக்குள் எத்தனை வகைப் பேச்சு அடங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

மாநிலங்கள் பிரிந்த அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஏழாவது அரசமைப்புத் திருத்தம் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழி வழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் பற்றி நிற்கும் கொழுகொம்பு இப்பிரிவே. ஆனால் அதிலுள்ள 'தொடக்க நிலை' என்ற சொல் எழுதப்பட்ட காலத்தில், தொடக்க நிலைக்கும் முன்னால் அரசு நடத்தும் ஒரு வகுப்பு இருக்கும் என்று எவரும் கருதியிருக்க முடியாது. பின்னாளில் 2002-ஆம் ஆண்டின் எண்பத்தாறாவது திருத்தம் 45-ஆம் பிரிவை மாற்றி, ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளின் பராமரிப்பையும் கல்வியையும் அரசின் முயற்சிக்குரிய கடமையாக்கியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மூன்று முதல் ஆறு வயது வரை இலவச முன்பள்ளிக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று 11-ஆம் பிரிவில் இசைவு தந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள ஐந்து ஆண்டுகளை அடித்தள நிலை என்ற ஒரே கட்டமாகச் சேர்த்தது. அதற்காக 2022-இல் வந்த கலைத்திட்டச் சட்டகம் பிள்ளையின் வீட்டுமொழியே அந்நிலையின் கற்றல் மொழியாக இருப்பது நல்லது என்றது. வசதியைப் பற்றிப் பேசும் பிரிவு ஆறு வயதில் தொடங்க, மொழி ஊன்றும் வயது மூன்றில் தொடங்கிவிடுகிறது. எல்லையோரப் பிள்ளை இந்த மூன்றாண்டு இடைவெளிக்குள்தான் பள்ளிப் படியில் முதலில் கால் வைக்கிறது.

அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி. கேரளத்தில் அது மலப்புறத்தின் வேங்கரையில் முதலில் வந்தது. இன்று மாநிலத்தில் 33,115 அங்கன்வாடிகள் இருப்பதாக அரசு கணக்குச் சொல்கிறது. அவை பெண்கள், குழந்தைகள் நலத்துறையின் கீழ் இயங்குகின்றன. மற்றொன்று, அரசுத் தொடக்கப் பள்ளிகளின் வளாகத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தாமாகவே தொடங்கி நடத்திய முன்தொடக்க வகுப்புகள். தனியார் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் போய்விடுவதைத் தடுக்க ஊர் எடுத்த முயற்சி என்றே அவற்றைச் சொல்ல வேண்டும். அரசின் மதிப்பூதியமும் பாடத்திட்டமும் அவற்றைத் தேடிப் பின்னால் வந்தன. மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு உருவாக்கிய 'களிப்பாட்டம்' என்ற செயல்நூல் பள்ளிகளிலும், 'அங்கணப்பூமழை' என்ற நூல் அங்கன்வாடிகளிலும் வழங்குகின்றன. களிப்பாட்டம் என்பது விளையாட்டுப் பொம்மையைக் குறிக்கும் மலையாளச் சொல்; தமிழ்க் காதில் அது ஏதோ நடனத்தின் பெயரைப் போல ஒலிக்கிறது.

அண்மைக் காலத்தில் பள்ளி வாசலைப் பெரிதாக்கிய திட்டம் வர்ணக்கூடாரம். உலக வங்கியின் கடனுதவியோடு ஆறு மாநிலங்களுக்கென 2020-இல் ஒப்புதல் பெற்ற ஸ்டார்ஸ் திட்டத்தின் பகுதியாக, மாநிலத்தின் பள்ளிக் கல்வித் திட்ட அமைப்பான சமக்ர சிக்ஷா கேரளா தேர்ந்தெடுத்த பள்ளிகளில் பத்து இலட்சம் ரூபாய் அளவில் மாதிரி முன்பள்ளிகளை அமைத்தது. பதின்மூன்று செயல்பாட்டு இடங்கள் என்பது அதன் அமைப்பு: கதை சொல்லவும் நடிக்கவும் குஞ்ஞரங்கு, கிறுக்குவதற்கு வரையிடம், எண்ணுவதற்கும் அடுக்குவதற்கும் கணித இடம், அகத்தும் புறத்தும் களியிடங்கள் என்று பிள்ளை இடம் மாறி இடம் போகும்படி வகுப்பு பிரிக்கப்பட்டிருக்கிறது. கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்கார வைக்கும் பழைய ஏற்பாட்டைவிட இது பெரிதும் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த இடங்களில் மிகப் பலவும் பேச்சால் இயங்குபவை. குஞ்ஞரங்கின் மேடையில் நிற்கும் பிள்ளையிடம் கதையைச் சொல்லச் சொல்பவரின் மொழி பிள்ளைக்கு எட்டாவிட்டால், மேடை வெறும் மரப்பலகையாகிவிடும். ஊஞ்சலும் மணல்தொட்டியும் மட்டுமே மொழி கேட்காமல் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும். வண்ணம் பூசுவதற்கு ஒப்பந்தக்காரர் ஒரு மாதத்தில் கிடைப்பார். தமிழ் பேசும் பயிற்சி பெற்ற ஆசிரியை அப்படிக் கிடைப்பதில்லை. ஆகவே எது காலமெடுக்குமோ அதை முதலில் தொடங்குவது என்ற எளிய கணக்கின்படி பார்த்தால், எல்லையோரத்தில் ஆளைத் தேடும் வேலை கட்டடத்துக்கு முன்னே நடந்திருக்க வேண்டும்.

மலையாளமும் தமிழும் நெருங்கிய உறவுடைய மொழிகள், பிள்ளைகள் தாமே பழகிக்கொள்வார்கள் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை இது சரிதான். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் ஒரே பேரத்தில் இரண்டு மொழிகளும் புழங்குவதை நாள்தோறும் காணலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கோ அந்த நெருக்கமே சில இடங்களில் சிக்கலாகிறது, ஏனெனில் அதற்குத் தெரிந்த ஒலி தெரியாத பொருளோடு வந்து சேர்கிறது. 'வெள்ளம் வேணோ' என்று கேட்கும் ஆசிரியை தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார். பிள்ளை அறிந்த வெள்ளம் மழைக்காலத்தில் ஓடையை நிறைத்துப் பாலத்தை மூடுவது. 'மதி' என்றால் போதும். தமிழ்ப் பிள்ளைக்கு அது பொருளற்ற ஒலி, ஆகவே சோறு தட்டில் மேலும் விழுகிறது. 'வலிய' என்றால் பெரிய. பிள்ளைக்கு வலி என்றால் நோவு. 'பட்டி' நாய், பிள்ளைக்கோ அது ஊர்ப் பெயரின் வால், அல்லது ஆடு அடைக்கும் இடம். 'குட்டி' என்று அன்போடு அழைக்கப்படும் பிள்ளை, ஆட்டுக்கும் நாய்க்கும் உரிய சொல்லால் தான் அழைக்கப்படுவதாக வியக்கலாம். மூணாற்றில் விடியலில் லயத்தின் வாசலை மறைத்து நிற்பது பனி. மலையாளத்தில் பனி என்பது காய்ச்சல். 'பனியுண்டோ' என்று நெற்றியைத் தொட்டுக் கேட்பவரிடம், வெளியே கை காட்டி 'இருக்கு' என்று சொல்லும் பிள்ளை உண்மையைத்தான் சொல்கிறது.

இவற்றுள் மிகச் சிறியதும் மிகக் கடுமையானதும் கழிப்பறைக்குச் செல்வதற்கான சொல். தமிழ்ப் பிள்ளை 'ஒண்ணுக்கு வருது' என்று சொல்லும். மலையாளத்தில் 'ஒன்னு' என்பதும் எண்ணே ஆனாலும், இந்தப் பொருளில் அந்தத் தொடர் அங்கு வழங்குவதில்லை. சிறு பிள்ளைகளிடம் மலையாளத்தில் கேட்கும் சொல் 'முள்ளணோ' என்பது; தமிழ்ப் பிள்ளைக்கு அதில் கேட்பது முள். முதல் வாரத்தில் ஈரமான கால்சட்டையோடு வீட்டுக்குப் போகும் பிள்ளையைப் பற்றிப் பள்ளி 'இன்னும் பழகவில்லை' என்று எழுதுகிறது, பிள்ளையோ மறுநாள் வர மறுக்கிறது. நெருக்கம் உதவும் இடங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. ஒண்ணு, ரெண்டு, மூணு என்ற பேச்சு எண்கள் ஒன்னு, ரண்டு, மூன்னு என்பவற்றோடு கைகோக்கின்றன. சிவப்பு சுவப்பாகவும் மஞ்சள் மஞ்ஞையாகவும் எளிதில் அறியப்படும். எங்கே பாலம் இருக்கிறது, எங்கே குழி இருக்கிறது என்று அறிந்த ஒருவர், எண்ணிலும் நிறத்திலும் இரண்டு மொழிகளையும் கலந்து நடத்திவிட்டு, பசி, தாகம், நோவு, கழிப்பறை ஆகிய நான்கிலும் பிள்ளையின் சொல்லை முதலில் கற்றுக்கொள்வார். இந்த நான்குக்கும் தேவைப்படுவது முப்பது சொற்களுக்கு மேல் இல்லை. ஒரு பள்ளி அவற்றைத் தமிழிலும், தேவையான இடங்களில் இருளர் மொழியிலும் முதுவர் மொழியிலும், ஊர்ப் பெண்களிடம் கேட்டு எழுதி ஆசிரியையின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பதற்கு எந்தத் திட்டத்தின் நிதியும் வேண்டியதில்லை.

பிள்ளையின் சொல் புரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. கேரள அங்கன்வாடிகளின் உணவுப் பட்டியல் 2025 ஜூனில் திருத்தப்பட்டு முட்டை பிரியாணி அதில் இடம்பெற்றதை நாடு முழுவதும் வியந்து பேசினர். உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணி வேண்டும் என்று ஒரு சிறுவன் கேட்ட காணொளி பரவியதே அதன் தொடக்கம். மூன்று வயதுச் சொல்லுக்கு ஒரு மாநில அரசு செவிசாய்த்தது மகிழத் தக்கது. அந்தப் பிள்ளை கேட்டது சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் புரிந்த மொழியில் என்பதையும் உடன் நினைக்கத் தோன்றுகிறது.

ஆள் யார் என்ற கேள்விக்கு வருவதானால், முன்தொடக்க வகுப்பில் பெரியவர்கள் இருவர்: ஆசிரியையும் ஆயாவும். ஆவணங்களில் ஆசிரியையின் தகுதி விரிவாகப் பேசப்படுகிறது. ஆயா உதவியாளர் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறார். எல்லையோரத்தில் ஆயா பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர், பிள்ளையின் மொழியைப் பிறப்பிலேயே அறிந்தவர், பிள்ளையின் பாட்டி பெயரையும் சேர்த்து அறிந்தவர். முதல் மூன்று மாதங்களில் வகுப்பைத் தாங்கி நிற்பவர் அவரே என்றாலும், பயிற்சி முகாம் நடக்கும் நாளில் அவர் சமையலறையில் இருப்பார். பயிற்சி தரும் நிறுவனங்களின் இருப்பிடமும் இதில் ஒரு காரணம். பாலக்காட்டின் மாவட்டக் கல்வி பயிற்சி நிறுவனம் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் ஆனக்கரையில் உள்ளது, தமிழ்ப் பள்ளிகளோ கிழக்கு விளிம்பில். இடுக்கிக்குரியது மலையடிவாரத்துத் தொடுபுழையில் உள்ளது, தமிழ்ப் பள்ளிகளோ மலைமேல். பரம்பிக்குளத்தின் நிலை இன்னும் விந்தையானது: கேரள மண்ணிலுள்ள அவ்வூருக்குச் சாலை வழியே போக வேண்டுமானால் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். ஆசிரியையையும் ஆயாவையும் ஒருங்கே அமர்த்தி, சித்தூரிலும் மூணாற்றிலும் உள்ள வட்டார வள மையங்களில், அதாவது பள்ளிகளுக்குக் கல்வித் துணை தரும் வட்டார அலுவலகங்களில், தமிழிலேயே பயிற்சி நடத்துவது இந்தத் தொலைவைக் குறைக்கும் வழி.

ஊர்க்காரரையே கல்விக்குள் கொண்டுவருவதற்குக் கேரளத்திலேயே முன்மாதிரி உண்டு. வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் தொடக்கப் பள்ளிகளில் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்திய திட்டம், பிள்ளையின் மொழிக்கும் பள்ளியின் மொழிக்கும் நடுவே ஒரு மனிதரை நிறுத்தியது. உலகில் இதை மிகத் துணிவாகச் செய்தவர்கள் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். 1982-இல் அவர்கள் தொடங்கிய கோஹங்கா ரேயோ, அதாவது மொழிக்கூடு என்னும் முன்பள்ளிகளில், மொழி அறிந்த பாட்டிகளும் தாத்தாக்களும் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசுவதே பாடத்தின் பெரும்பகுதியாக இருந்தது. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2014-இல் தொடங்கிய பாலர் பள்ளிகளில் தமிழும் தாய்மொழிகளுள் ஒன்றாகக் கற்பிக்கப்படுகிறது. எல்லையோரக் கேரளத்தின் தேவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இங்கு தமிழ் அழிந்துபோகும் மொழி அன்று, அதைக் காப்பாற்றுவதற்காக முன்பள்ளி வேண்டியதும் இல்லை. பிள்ளை தன் முதல் பள்ளியில் ஊமையாகிவிடாமல் இருக்க அது வேண்டும்.

அவசரமாகத் தொடங்குவதன் விளைவைக் காண எல்லையைத் தாண்டினால் போதும். தமிழ்நாடு 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. நோக்கம் நல்லது. ஆனால் தனியாக ஆசிரியர் நியமிக்காமல், உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அவ்வகுப்புகளுக்கு மாற்றப்பட்டனர். ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கப் பயின்றவர்கள் தங்களைக் கீழிறக்கியதாகக் கருதி நீதிமன்றத்தை நாடினர். 2022-இல் அந்த ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குத் திரும்ப அழைக்கப்பட்டபோது வகுப்புகள் நின்றுவிடும் நிலை வந்து, எதிர்ப்பு எழுந்த பின், தற்காலிகமாகச் சிறப்பாசிரியர்களைக் கொண்டு அவை தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. மூன்று வயதுக்காரருக்குக் கற்பிப்பதைத் தாழ்ந்த வேலையாக எண்ணும் வழக்கத்தை மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட அருகில் ஒரு பாடம் கிடைக்காது.

தேயிலைத் தோட்டப் பிள்ளைக்கு, அங்கன்வாடி, பள்ளி என்ற இரு வாசல்களுக்கும் முன்னால் மூன்றாவது ஒன்றும் இருந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதோ அதற்கு மேலோ பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குழந்தைக் காப்பகம் அமைக்கக் கட்டளையிட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதிக்கும் அதில் விதி இருந்தது. இலங்கை மலையகத்தில் பிள்ளை மடுவம் என்று அழைக்கப்பட்ட இடம் பிற்காலத்தில் சிறுவர் அபிவிருத்தி நிலையமாக வளர்ந்ததைப் போல, மூணாற்றுக் காப்பகங்களும் முன்பள்ளிகளாக வளர்ந்திருக்கலாம். இங்கே இரண்டும் தனித்தனியே நின்றுவிட்டன. கைக்குழந்தையாக வந்ததிலிருந்து பிள்ளையை அறிந்தவர், அது எதற்கு அழும், எந்தப் பாட்டுக்கு உறங்கும் என்று தெரிந்தவர், காப்பகத்தின் ஆயா. முன்பள்ளி தொடங்கும் மாதத்தில் அவரும் ஒரு வாரம் பிள்ளைகளோடு வகுப்புக்கு வந்து உட்கார ஏற்பாடு செய்தால், மூன்றாண்டு அறிவு ஒரே வாரத்தில் கைமாறும்.

நேரக் கணக்கும் இங்கே சேர்ந்தே வருகிறது. கொழுந்து பறிக்கும் தாய் காலை எட்டு மணிவாக்கில் மலைச்சரிவில் இருப்பாள். பள்ளி பத்து மணிக்குக் கூடும். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்துக்குப் பிள்ளை யாருடைய பொறுப்பில் என்பதற்குப் பதில் இல்லாவிட்டால், அது லயத்திலேயே இருந்துவிடும் அல்லது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து அவளுடைய வகுப்பில் உட்கார்ந்துவிடும். உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் நிலை வேறு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்புகளில் வந்து போகும் பெண்களின் பிள்ளைகள் மலையடிவாரத்தில் பாட்டியிடம் வளர, தோட்டத்திலேயே தங்கியிருக்கும் ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் அறியாமல் அதே அங்கன்வாடிக்கு வருகிறார்கள். அங்கே தமிழே அந்நியமொழியாகிவிடும் பிள்ளையும் உண்டு. இதற்கு மேல் ஜூன் மாதம். கேரளப் பள்ளிகள் பிரவேசனோற்சவம் என்ற பெயரில் பலூனும் பாட்டுமாகத் திறக்கும் அதே வாரத்தில் உயர்மலையில் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. சித்தூரின் மழைமறைவுச் சமவெளியில் ஜூன் பிரச்சினையில்லை, அங்கு மார்ச், ஏப்ரல் மாதங்களின் தண்ணீர்ப் பஞ்சமே பிரச்சினை. பெருமாட்டியின் பிளாச்சிமடை தண்ணீருக்கான போராட்டத்தாலேயே உலகறிந்த ஊராயிற்று. சின்னப் பிள்ளைக்கேற்ற உயரத்தில் கழிப்பறையைக் கட்டிவிட்டுக் கோடையில் அதைப் பூட்டி வைப்பதைவிட, கட்டும் முன்பே தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுவது மலிவானது. ஒரே மாநிலச் சுற்றறிக்கை இரண்டு நிலங்களுக்கும் பொருந்தாது என்பதைத் தலைமையாசிரியர்கள் அறிவார்கள். அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் அதிகாரம்தான் அவர்களிடம் இல்லை.

பெற்றோரின் எண்ணத்தை எளிதாகக் குறை சொல்லிவிடக் கூடாது. தமிழ்ப் பெற்றோரில் பலர் பிள்ளையை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ சேர்க்க விரும்புகிறார்கள். அரசுத் தேர்வாணைய வேலையும் மருத்துவமனை வரிசையும் காவல் நிலையமும் எந்த மொழியில் நடக்கின்றன என்று கண்டறிந்தவர்களின் விருப்பம் அது. அவர்களுக்குச் சொல்லத்தக்க பதில், தமிழில் தொடங்குவது மலையாளத்தை அடைப்பதாகாது என்பதும், ஒரு மொழியில் நிறையப் பேசிக் கதை கேட்டுக் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை அடுத்த மொழியை விரைவாகவே பற்றிக்கொள்ளும் என்பதும் ஆகும். எல்.கே.ஜி. என்றால் எழுத்து எழுதிய நோட்டு வீட்டுக்கு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பெற்றோரிடம் உண்டு. அதை இரண்டு எழுத்துமுறைகளுக்கும் நடுவில் வளரும் பிள்ளையிடம் நிறைவேற்ற முயல்வது இரட்டைச் சுமை. விரலுக்கு வலு வந்த பிறகு எழுத்து வரும் என்பதைச் செய்து காட்டிய மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிப் பல வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பணியாற்றினார். வட்டவடையின் காய்கறித் தோட்டங்களிலிருந்து பார்த்தால் அந்த ஊர் மலைத்தொடரின் மறுபுறத்தில்தான் இருக்கிறது. அவருடைய பெயர் இன்று எங்கெங்கோ பெயர்ப்பலகைகளில் தொங்குகிறது. பக்கத்து மலையில் நடந்த வேலை மட்டும் இந்த மலையில் அதிகம் பேசப்படுவதில்லை.

இவற்றுக்கிடையே ஒரு மாற்றம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேரும் வயது 2026-27 கல்வியாண்டு முதல் ஆறாக இருக்கும் என்று கேரளக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி 2025-இல் அறிவித்தார். ஐந்தில் சேர்த்துப் பழகிய மாநிலத்தில் இதன் பொருள், பிள்ளைகள் முன்பள்ளியில் ஓராண்டு கூடுதலாக இருப்பார்கள் என்பதே. எல்லையோரத்தில் அந்த ஓராண்டு இருபுறமும் சாயக்கூடியது. தமிழில் நடந்தால் மொழி ஊன்ற ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கும். மலையாளத்தில் மட்டும் நடந்தால், மூன்றாண்டு மலையாளம் கேட்ட பிள்ளையைப் பெற்றோர் தமிழ்வழி ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது அரிது. கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளில் எடுக்கப்படும் தலைக்கணக்கே அந்த ஆண்டின் பிரிவுகளையும் ஆசிரியர் பணியிடங்களையும் முடிவு செய்கிறது. தமிழ்வழி முதல் வகுப்பில் தலைகள் குறைந்தால் பணியிடம் போகும், பணியிடம் போனால் அடுத்த ஆண்டு அந்த வகுப்பே இராது. ஒரு தமிழ்வழித் தொடக்கப் பள்ளியின் ஆயுள் இன்று அதன் முன்தொடக்க அறையில் எந்த மொழி கேட்கிறது என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அந்த அறையோ பெரும்பாலும் தலைமையாசிரியரின் கணக்கில் பாதியும் பெற்றோர் சங்கத்தின் கணக்கில் பாதியுமாக இருக்கிறது.

ஆகவே ஜூனில் வகுப்பைத் தொடங்க விரும்பும் பள்ளிக்கு வேலை முந்தைய ஜனவரியிலேயே வந்துவிடுகிறது. அங்கன்வாடியின் பதிவேட்டிலும் தோட்டக் காப்பகத்தின் பெயர்ப்பட்டியலிலும் மூன்றும் நான்கும் வயதான பிள்ளைகள் யார் யார் என்று இரண்டு துறைகளும் சேர்ந்து பார்ப்பது, ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதுவது, அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியையும் ஆயாவும் எந்த மொழிக்காரராக இருக்க வேண்டும் என்று கேட்பது என்பவை அதன் வரிசை. வீட்டுமொழி என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று எழுதிவிட்டு நகராமல், முதலமடையின் கோவிந்தாபுரம் காலனியில் தெலுங்கா, ஆனைக்கட்டிப் பக்கத்து ஊரில் இருளரின் பேச்சா, இடமலைக்குடியில் முதுவர் பேச்சா என்று கேட்டெழுத ஒருவருக்கு வீடொன்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். மழை தொடங்குவதற்கு முன் மலைச்சாலைகள் திறந்திருக்கும் மாதங்களும், தோட்டத்தில் கொழுந்து குறைந்து தாய்மார்கள் மாலையில் வீட்டில் இருக்கும் மாதங்களும் அவையே.